நாடும் இல்ல, மாவட்டமும் இல்ல: நடுவுல நிக்கிற நிலங்கள்

எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன் பண்றவங்களுக்கு இது பழகின தலைவலி தான். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் லெதர், ஷூ அனுப்புற ஆபீஸ்ல உக்காந்து பேப்பர் ரெடி பண்ணும்போது நாடுன்னு ஒரு கட்டம் வரும், அதை க்ளிக் பண்ணா லிஸ்ட் கீழ போய்கினே இருக்கும். ஐநா சபையில உறுப்பு நாடுங்க மொத்தம் 193 தான், ஆனா உலகம் பூரா கம்ப்யூட்டர்ல யூஸ் பண்ற ஐஎஸ்ஓ நாட்டுக் குறியீட்டு லிஸ்ட்ல 249 பேர் கீது. மிச்சம் 56 எங்க இருந்து வந்துச்சு? எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் கேட்டான், "அண்ணா, ஹாங்காங் சைனா தானே, அப்புறம் இன்னாத்துக்கு தனியா போட்டுகிறான்?" நல்ல கேள்வி. போர்ட்டோ ரிக்கோன்னு ஒண்ணு லிஸ்ட்ல தனியா இருக்கும், ஆனா சரக்கு அங்க இறங்கினா அமெரிக்கா கஸ்டம்ஸ் தான். குவாமும் அமெரிக்காவோட தீவு தான், அது மட்டும் அமெரிக்க கஸ்டம்ஸ் எல்லைக்கு வெளியே. ரீயூனியன் தீவு ஆப்பிரிக்கா பக்கத்துல இருக்கு, கஸ்டம்ஸுக்கு அது ஐரோப்பா. கிரீன்லாந்து டென்மார்க்கோட சேர்ந்தது, ஆனா ஐரோப்பிய யூனியன் இல்ல.

இதெல்லாம் எவனோ குழப்பணும்னு பண்ணது இல்ல. நாம ஸ்கூல்ல படிச்சது ஒண்ணு சுதந்திர நாடு, இல்லன்னா அடிமை நாடு, 1947 ஆகஸ்ட் 15க்கு முன்னாடி அது, பின்னாடி இது. ஆனா அதிகாரம்ங்கிறது ஒரே மூட்டையா யார் கையிலயும் இருக்கிறது இல்ல, படை ஒருத்தர் கையில, வரி இன்னொருத்தர் கையில, பாஸ்போர்ட் மூணாவது ஆபீஸ்லன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, அப்படிப் பிரிச்சு வச்ச இடங்க தான் அந்த 56ல பெரும்பாலும்.

இதைப் புரிஞ்சிக்க ரொம்ப தூரம் போக வேணாம், பாலாத்தைத் தாண்டி ஆற்காடு போனா போதும். ஆற்காடுன்னா இப்ப பிரியாணியும் மக்கன் பேடாவும் தான் ஞாபகம் வருது, ஆனா 18-ம் நூற்றாண்டுல கர்நாடக நவாபோட தலைநகரம் அது. அந்த நவாப் பேப்பர்ல யாருன்னு பாத்தா ஹைதராபாத் நிஜாமுக்குக் கீழ, நிஜாம் டெல்லி முகலாய பாதுஷாவுக்குக் கீழ. நிஜத்துல எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்குத் தான் ஆண்டுகினு இருந்தாங்க. 1751ல ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடிச்சு, உள்ள இருந்துகினே முற்றுகையைத் தாங்கினாரு, அதனால கிழக்கிந்திய கம்பெனி ஆதரிச்ச முகமது அலி நவாபா நிலைச்சு நின்னாரு. வாலாஜாபேட்டைங்கிற பேர் அவரால வந்தது தான்.

அதுக்கப்புறம் நடந்ததைக் கொஞ்சம் கவனிங்க. படை கம்பெனியோடது, படைக்கு ஆகுற செலவு நவாபோடது. செலவுக்குப் பணம் பத்தலைன்னு அதே கம்பெனி ஆளுங்ககிட்ட தனிப்பட்ட முறையில வட்டிக்குக் கடன், அந்தக் கடனுக்கு சீமை சீமையா வரி வசூலை அடமானம், வட்டி கட்ட இன்னொரு கடன். இந்த ஆற்காடு நவாப் கடன் லண்டன் பார்லிமெண்ட் வரைக்கும் நாறிப் போயி 1785ல அங்கத்த எம்பி எட்மண்ட் பர்க் அதைப் பத்தியே ஒரு பெரிய ஸ்பீச் கொடுத்தாரு. 1799ல திப்பு விழுந்தாரு, 1801ல ஒரு ஒப்பந்தம், நிர்வாகம் மொத்தமும் கம்பெனிக்கு, நவாபுக்குப் பட்டமும் மரியாதையும் வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கும். 1855ல வாரிசு இல்லாம நவாப் இறந்ததும் அந்தப் பட்டத்தையும் எடுத்துட்டாங்க, பின்னாடி குடும்பத்துக்கு ஆற்காடு இளவரசர்ங்கிற பேர் மட்டும் கிடைச்சுது, சென்னை ராயப்பேட்டை அமீர் மஹால்ல அவங்க இன்னைக்கும் இருக்காங்க.

இப்ப சொல்லுங்க, நவாப் எந்தத் தேதியில சுதந்திரத்தை இழந்தாரு? 1751ஆ, கடன் பத்திரத்துல கையெழுத்துப் போட்ட அன்னைக்கா, 1801ஆ? ஒரே தேதி சொல்ல முடியாது. அதனால இந்த மாதிரி ஒரு இடத்தைப் பத்தி நியூஸ்ல பாத்தா சுதந்திரமா இல்லியான்னு கேக்காம நாலு விஷயம் பாருங்க. படையும் வெளியுறவும் யார் கையில? சட்டமும் வரியும் போடுறது யாரு? மக்கள் கையில எந்த நாட்டு பாஸ்போர்ட், அந்த நாட்டு எலக்‌ஷன்ல அவங்களுக்கு ஓட்டு இருக்கா? நாலாவது, கொடுத்த அதிகாரத்தைத் திருப்பிப் புடுங்க யாரால முடியும்? என்னைக் கேட்டா மூணும் ஒரு பக்கம், இந்த நாலாவது ஒரு பக்கம்.

பிரிட்டன்ல இருந்து ஆரம்பிக்கலாம். சூரியன் மறையாத சாம்ராஜ்யம் போயி மிச்சம் இருக்கிறது 14 கடல்கடந்த பகுதிங்க, பெர்முடா, கேமன் தீவுகள், ஜிப்ரால்டர், ஃபாக்லாந்து, செயிண்ட் ஹெலீனா இப்படி. பெரும்பாலானதுல சொந்த சட்டசபை, சொந்த முதல்வர், சொந்த வரிச் சட்டம் எல்லாம் இருக்கும், லண்டன் அனுப்புற கவர்னர் ஒருத்தர் மேல இருப்பாரு, படையும் வெளியுறவும் லண்டனோடது. மாடி போர்ஷன்ல தனிக்குடித்தனம், தனி கேஸ் கனெக்‌ஷன், ஆனா ஈபி மீட்டர் கீழ் வீட்டு ஓனர் பேர்ல இருக்கிற கதை தான். சண்டை வராத வரைக்கும் மீட்டர் யார் பேர்ல இருக்குன்னு யாரும் பாக்க மாட்டாங்க. டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகள்ல 2009ல பாத்தாங்க, ஊழல் விசாரணைக்கு அப்புறம் லண்டன் அங்க மந்திரிசபை, சட்டசபை ரெண்டையும் நிறுத்தி வச்சிட்டு கவர்னரை வச்சே நேரடியா ஆண்டுச்சு, திரும்ப எலக்‌ஷன் நடந்தது 2012ல.

அப்ப அவங்கல்லாம் விடுதலைக்குத் துடிச்சிகினு இருப்பாங்கன்னு நெனச்சா அதுவும் இல்ல. 1995ல பெர்முடாவுல சுதந்திரம் வேணுமான்னு வாக்கெடுப்பு வச்சாங்க, வேணாம்னு தான் பெரிய மெஜாரிட்டி. 2002ல ஜிப்ரால்டர்ல, பிரிட்டனும் ஸ்பெயினும் சேர்ந்து இறையாண்மையைப் பங்கு போட்டுக்கலாமான்னு கேட்டதுக்கு கிட்டத்தட்ட 99 சதவீதம் பேர் முடியாதுன்னாங்க. 2013ல ஃபாக்லாந்துல பிரிட்டிஷ் பகுதியாவே இருக்கலாமான்னு கேட்டப்ப எதிர்த்து விழுந்த ஓட்டு மொத்தமே மூணு. பயமும் உண்டு, லாபமும் உண்டு. கேமன் தீவுகள்ல வருமான வரி கிடையாது, அந்த ஒரு விஷயத்தை வச்சே உலகத்துப் பணம் அங்க போய் உக்காந்திருக்கு, பாதுகாப்புக்கு பிரிட்டன் பேரு, வரிக்கு சொந்தச் சட்டம். இந்த ஏற்பாடு அவங்களுக்கு எதுக்கு கசக்கப் போகுது.

போர்ட்டோ ரிக்கோ தான் இதுல விசித்திரம். 1898 போர்ல தோத்து ஸ்பெயின் அமெரிக்காகிட்ட கொடுத்த தீவு, 30 லட்சத்துக்கு மேல மக்கள். அங்க இருந்து நியூயார்க்குக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்த ஒரு வியாபாரிகிட்ட கஸ்டம்ஸ் டூட்டி கேட்டாங்க, போர்ட்டோ ரிக்கோ இப்ப அமெரிக்கா தானே, சொந்த நாட்டுக்குள்ள எதுக்கு டூட்டின்னு அவர் கேஸ் போட, 1901ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு: அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனா அமெரிக்காவோட பாகம் இல்ல, டூட்டி கட்டு. பழக்கூடைக்கு டூட்டி கேட்டதுல இருந்து கிளம்பினது ஒரு தேசத்தோட தலையெழுத்தாப் போச்சு. எங்க தொழில்ல கிளாசிஃபிகேஷன் தப்பாப் போனா கன்டெய்னர் போர்ட்ல நிக்கும்னு தான் புலம்புவோம், இவங்க தலைமுறை தலைமுறையா அப்படியே நிக்கிறாங்க.

1917ல போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தாங்க, 1952ல சொந்த அரசியல் சட்டம் வந்துச்சு, கவர்னரை அவங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க, உடனே அடுத்த வருஷமே அமெரிக்கா சொல்லி ஐநா காலனி லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துட்டாங்க. ஆனா ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டுக் கிடையாது. காங்கிரஸ்ல ஒரே ஒரு பிரதிநிதி, அவர் சபையில பேசலாம், சட்டம் பாஸ் பண்ற கடைசி ஓட்டெடுப்புல கை தூக்க முடியாது. இதுல பெரிய வேடிக்கை என்னன்னா அதே ஆள் ஃப்ளைட் ஏறி ஃப்ளோரிடாவுல குடி போனா அங்க பதிவு பண்ணி முழு ஓட்டுப் போடலாம். குடியுரிமை மாறல, நிக்கிற இடம் தான் மாறிச்சு. ஒலிம்பிக்ஸ்ல அவங்களுக்குத் தனி டீம் உண்டு, 2004 ஏதென்ஸ்ல அமெரிக்க பாஸ்கெட்பால் டீமையே 92-73ன்னு போட்டுத் தாக்கினாங்க.

அப்புறம் கடன். நவாப் கதை ஞாபகம் வருதா? தீவு அரசாங்கத்தோட கடன் 7,000 கோடி டாலரைத் தாண்டிப் போச்சு, 2016ல அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு ஏழு பேர் கொண்ட மேற்பார்வைக் குழுவை மேல உக்கார வச்சுது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவர்னரோட பட்ஜெட்டை, மக்கள் ஓட்டுப் போடாத அந்தக் குழு திருத்தலாம். 1952ல எழுதின அரசியல் சட்டத்துல இதுக்காக ஒரு வரி கூட மாத்தல, ஆனா நாலாவது கேள்விக்கு பதில் கிடைச்சிருச்சு. 2020 வாக்கெடுப்புல அமெரிக்காவோட மாநிலமா சேரணும்னு 52 சதவீதம் பேர் சொன்னாங்க, சொல்லி என்ன, சேர்க்கிறதா இல்லியான்னு முடிவு பண்றது வாஷிங்டன். குவாம், அமெரிக்கன் சமோவா கதையும் ஏறக்குறைய இது தான், அமெரிக்கன் சமோவாவுல பொறந்தா குடியுரிமை கூட தானா வராது.

பிரான்ஸ் வேற ரூட் பிடிச்சுது. ரீயூனியன் தீவை 1946லயே பிரான்ஸோட ஒரு மாவட்டமா ஆக்கிட்டாங்க. பேச்சுக்குச் சொல்லல, நிஜமாவே மாவட்டம், பாரிஸ் பார்லிமெண்ட்ல எம்பி இருக்காங்க, ஜனாதிபதிக்கு ஓட்டு இருக்கு, கடையில யூரோ தான். 19-ம் நூற்றாண்டுல பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிங்களா போன நம்ம ஜனங்க வம்சம் அங்க ஏராளம், கோயில் இருக்கு, தீமிதி நடக்குது, பேச்சுல தமிழ் போயிடுச்சு, பேருங்கள்ல மிச்சம் இருக்கு. அவங்களைப் போய் நீங்க அடிமைங்களான்னு கேட்டா சிரிப்பாங்க. தனி நாடா ஆகலைன்னா விடுதலை இல்லைன்னு சொல்ல முடியாது, சரிசமமா உள்ள சேர்த்துக்கிட்டா அதுவும் ஒரு வழி தான். 1960ல ஐநா போட்ட தீர்மானமே மூணு வழி சொல்லுது, தனி நாடாகலாம், சுதந்திரமா இன்னொரு நாட்டோட கூட்டு வச்சிக்கலாம், இல்ல சம உரிமையோட ஒரு நாட்டுல கலந்துடலாம். எதுவா இருந்தாலும் அந்த மக்கள் விரும்பி எடுத்ததா இருக்கணும்.

விரும்பிங்கிற இடத்துல தான் சிக்கல். பசிபிக்ல நியூ கலிடோனியா, நிக்கல் தாது கொட்டிக் கிடக்கிற பிரெஞ்சுத் தீவு. கனக் மக்கள் மண்ணின் மைந்தர்கள், பிரான்ஸ்ல இருந்து குடியேறினவங்களும் நிறைய. 1998 ஒப்பந்தப்படி மூணு தடவை வாக்கெடுப்பு, 2018ல சுதந்திரம் வேணாம்னது 56 சதவீதத்துக்கு மேல, 2020ல 53ன்னு இறங்கிச்சு, மூணாவது 2021ல, கொரோனாவுல செத்தவங்களுக்கு துக்கம் அனுசரிக்கிற நேரத்துல வாக்கெடுப்பான்னு கனக் கட்சிங்க புறக்கணிச்சதுல வேணாம்ங்கிறது 96 சதவீதம் ஆயிடுச்சு. அதை வச்சு பிரச்சினை முடிஞ்சுதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2024ல வோட்டர் லிஸ்ட்ல பின்னாடி வந்து குடியேறினவங்களையும் சேர்க்கப் போறாங்கன்னதும் ஊரே பத்திகிச்சு. மக்கள் தீர்மானிக்கட்டும்னு சொல்றது ஈஸி, யாரு அந்த மக்கள்னு லிஸ்ட் போடுறவன் கையில பாதி முடிவு போயிடுது.

கிரீன்லாந்து விஷயம் இப்ப டீக்கடை வரைக்கும் வந்துருச்சு, டிரம்ப் புண்ணியம். அதை அமெரிக்கா வாங்கிட முடியுமான்னா, டென்மார்க் நெனச்சாலும் விக்க முடியாத இடம் அது. சுமார் 56,000 பேர் தான் மொத்தம். 1979ல உள்விவகாரத்துல சுயாட்சி கிடைச்சுது, மீன்பிடி உரிமைத் தகராறுல 1985ல ஐரோப்பிய சமூகத்தை விட்டே வெளியே வந்தாங்க, டென்மார்க் உள்ள இருக்கும்போதே. 2009 சட்டம் அவங்களைத் தனி மக்கள்னு ஒத்துகிச்சு, சுதந்திரம் வேணும்னா முடிவெடுக்க வேண்டியது அவங்க, அப்புறம் டென்மார்க் பார்லிமெண்ட் ஒப்புதலோட பேசி முடிக்கணும். படை, நாணயம் டென்மார்க்கோடது. பெரும்பாலான கட்சிங்க என்னைக்காவது தனியா போகணும்னு தான் சொல்லுது, ஆனா அரசாங்க பட்ஜெட்ல பாதிக்கு கிட்ட டென்மார்க் கொடுக்கிற மானியம். அந்தப் பணத்துக்கு மாத்து வழி தெரியற வரைக்கும் கிளம்ப மாட்டாங்கன்னு தான் தோணுது.

கூட்டு வச்சிக்கிற ரகத்துக்கு குக் தீவுகள். 1965ல இருந்து நியூசிலாந்தோட கூட்டு, சொந்த அரசாங்கம், ஆனா மக்கள் கையில நியூசிலாந்து குடியுரிமை, அதனால தீவுல இருக்கிறவங்களை விட நியூசிலாந்துல இருக்கிற குக் தீவுக்காரங்க பல மடங்கு. மார்ஷல் தீவுகள், பலாவ் அமெரிக்காவோட அதே மாதிரி ஒப்பந்தம், பாதுகாப்பு அமெரிக்கா பாத்துக்கும், ஆனா அவங்க ஐநாவுல முழு உறுப்பினர். டோக்கலாவுன்னு 1,500 பேர் இருக்கிற மூணு பவளத் தீவு, 2006லயும் 2007லயும் இந்தக் கூட்டுக்கு மாறலாமான்னு ஓட்டெடுத்தாங்க, ரெண்டு தடவையும் 60 சதவீதத்துக்கு மேல ஆமான்னாங்க, மூணுல ரெண்டு பங்கு வேணும்னு விதி வச்சிருந்ததால ரெண்டு தடவையும் தோத்துச்சு. ஐநாவோட தன்னாட்சி இல்லாத பகுதிங்க லிஸ்ட்ல இன்னும் இருக்கிற 17ல அதுவும் ஒண்ணு.

பையன் கேட்ட ஹாங்காங்: 1997ல பிரிட்டன் சைனாகிட்ட ஒப்படைச்சப்ப 50 வருஷத்துக்கு பழைய முறை அப்படியே தொடரும்னு வாக்கு. தனி டாலர், தனி கஸ்டம்ஸ், உலக வர்த்தக அமைப்புல தனி உறுப்பினர், அதனால லிஸ்ட்ல தனி. ஆனா அங்கத்த அடிப்படைச் சட்டத்துக்கு கடைசி அர்த்தம் சொல்றது பீஜிங். 2020ல தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை ஹாங்காங் சட்டசபையைக் கேக்காமலே பீஜிங் போட்டுச்சு. கஸ்டம்ஸ் கட்டத்துல இன்னும் தனி தான், அரசியல்ல அந்தத் தனி எவ்ளோன்னு பாத்தவங்களுக்குத் தெரியும்.

தைவானை இதோட சேர்க்காதீங்க, அங்க நிலைமை தலைகீழ், படை, பாஸ்போர்ட், வரி எல்லாம் அவங்ககிட்ட தான், பெரும்பாலான நாடுங்களோட அங்கீகாரம் தான் இல்ல. பக்கத்துல பாண்டிச்சேரியும் இந்த ரகம் இல்ல, அது இந்தியாவுக்குள்ள ஒரு யூனியன் பிரதேசம். ஆனா 1954ல கீழூர்ல மக்கள் பிரதிநிதிங்க 178 பேர் கூடி 170க்கு 8னு இந்தியா பக்கம் ஓட்டுப் போட்டு, நவம்பர் 1ல நிர்வாகம் கை மாறியும், பிரான்ஸ் சட்டப்படி கையெழுத்து முழுசா செல்லுபடியானது 1962ல தான். நடுவுல எட்டு வருஷம் பாண்டி யாரோடதுன்னு வக்கீலைக் கேட்டா ஒரு பதில், போஸ்ட்மேனைக் கேட்டா ஒரு பதில்.

நம்மாளுங்களுக்கு நேரா உறைக்கிற உதாரணம் டியெகோ கார்சியா. வேலூர் பக்கத்துல மேல்மொணவூர் முகாம்ல இலங்கைத் தமிழர் பல வருஷமா இருக்கிறது இங்க எல்லாருக்கும் தெரியும். அதே மாதிரி இலங்கைத் தமிழர் கொஞ்ச பேர் கனடா போகலாம்னு கிளம்பின படகு 2021 அக்டோபர்ல நடுக்கடல்ல மாட்டிகிச்சு, பிரிட்டிஷ் கப்பல் காப்பாத்தி டியெகோ கார்சியாவுல இறக்கி விட்டுச்சு. அது பிரிட்டனோட இந்தியப் பெருங்கடல் பகுதி, உள்ள அமெரிக்க ராணுவத் தளம். பிரிட்டன் மண்ணுல இறங்கிட்டோம், அடைக்கலம் கேக்கலாம்னு அவங்க நெனச்சாங்க. ஆனா அகதிகள் ஒப்பந்தத்தை பிரிட்டன் அந்தப் பகுதிக்கு விரிவுபடுத்தவே இல்ல. கொடி பிரிட்டனோடது, லண்டன்ல செல்லுற அந்த அகதி ஒப்பந்தம் அங்க செல்லாது. மூணு வருஷம் டெண்ட்ல கிடந்தாங்க, குழந்தைங்களோட. 2024 டிசம்பர்ல தான் பெரும்பாலானவங்களை பிரிட்டனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அதே மாசம் அந்தப் பகுதியோட கோர்ட்டே அவங்களை அடைச்சு வச்சது சட்டவிரோதம்னு தீர்ப்பு சொல்லிச்சு.

அந்தத் தீவுல ராணுவத் தளத்தைத் தவிர ஏன் ஊர் ஜனமே இல்லன்னா, ஒரு காலத்துல இருந்தாங்க. மொரீஷியஸுக்கு 1968ல சுதந்திரம் கொடுக்கிறதுக்கு முன்னாடி 1965லயே டியெகோ கார்சியா இருக்கிற சாகோஸ் தீவுகளைத் தனியாப் பிரிச்சு பிரிட்டன் வச்சிகிச்சு, தளம் கட்டணும்னு அங்க வாழ்ந்த சாகோஸ் மக்களை 1973க்குள்ள மொத்தமா வெளியேத்திட்டாங்க. அந்தப் பிரிப்பே சட்டப்படி சரியில்லன்னு 2019ல சர்வதேச நீதிமன்றம் கருத்து சொல்லிச்சு. 2025 மே மாசம் பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி இறையாண்மை மொரீஷியஸுக்குப் போகணும், டியெகோ கார்சியா தளம் மட்டும் 99 வருஷ குத்தகைக்கு பிரிட்டன் கையில இருக்கும். வெளியேத்தப்பட்ட சாகோஸ் மக்கள்கிட்ட இதுக்கு வாக்கெடுப்பு எதுவும் வைக்கல, அவங்கள்ல ஒரு பகுதி ஒப்பந்தத்தை எதிர்த்து லண்டன் கோர்ட்டுக்கும் போனாங்க.